பாடுவது யார்? தொடர்புச் சாதனங்களும் சபைப் பாடலும்

பாபிலோனில் நேபுகாத்நேச்சார் பொற்சிலையை நிறுத்திய வரலாறு தானியேல் நூலின் மூன்றாம் அதிகாரத்தில் கூறப்பட்டுள்ளது. அவ்வதிகாரத்தில் இசைக்கருவிகளின் பட்டியல் ஒன்று நான்கு முறை திரும்பத் திரும்ப வருவதை வாசகர் கவனித்திருக்கலாம். கருவிகளின் ஓசை எழுந்தவுடன் சகல ஜனங்களும் விழுந்து பணியவேண்டும் என்பதே அரச கட்டளை. அங்கே மக்கள் பாடுவதில்லை. கேட்கிறார்கள், கேட்டவுடன் விழுகிறார்கள். கொலோசெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் மூன்றாம் அதிகாரமோ வேறொரு கூட்டத்தை நமக்குக் காட்டுகிறது. அங்கே விசுவாசிகள் பாட்டினால் ஒருவருக்கொருவர் போதிக்கிறார்கள். ஒருவருக்கொருவர் புத்தி சொல்லுகிறார்கள். இசை சமுதாயத்தை உருவாக்குகிறது என்று பொதுப்படக் கூறிவிடுவது எளிது. எத்தகைய சமுதாயத்தை அது உருவாக்குகிறது என்பதோ, பாடுவது யார், கேட்பது யார் என்பதைப் பொறுத்ததாகும்.

நம் திருச்சபைகளில் இசையைக் குறித்து நடைபெறும் வாதங்கள் பல. பாமாலையா கீர்த்தனையா, கருநாடக இசையா நாட்டுப்புற இசையா, திரையிசை மெட்டு ஆலயத்திற்குள் வரலாமா வரலாகாதா என்பன அவற்றுட் சில. இவை வீண் வாதங்கள் என்று நாம் கூறவில்லை. ஆயினும் இவை யாவும் பாட்டின் பாணியைப் பற்றியவையே. அப்பாட்டை மக்களிடம் கொண்டு சேர்க்கும் சாதனம் மக்களை என்ன செய்கிறது என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. கனடா நாட்டு அறிஞர் மார்ஷல் மக்லூகன் 1964இல் வெளியிட்ட நூலில், தொடர்புச் சாதனத்தின் வழியாக வரும் பொருளைக் காட்டிலும் சாதனத்தின் இயல்பே மனித உறவுகளை மிகுதியாக மாற்றுகிறது என வாதிட்டார். அவர் கூற்று முழுவதையும் ஏற்க வேண்டியதில்லை. எனினும் தமிழ்ச் சபைப் பாடலின் வரலாற்றை அவ்வினாவோடு நோக்கினால் நமக்கு வேண்டிய தெளிவு சில கிட்டும் என்று எண்ணுகிறோம்.

1. அச்சு தந்த குரல்

நான்காம் நூற்றாண்டில் கூடிய லவோதிக்கேயா சங்கத்தின் பதினைந்தாம் விதி, நியமனம் பெற்ற பாடகர் தவிர வேறெவரும் ஆலயத்தில் பாடலாகாது என வரையறுத்தது. ஒழுங்கின் பொருட்டு இயற்றப்பட்ட விதியாக இருக்கலாம். ஆயினும் மேலைத் திருச்சபையில் இடைக்காலம் முழுவதும் வழிபாட்டிசை பெரும்பாலும் குருமாருக்கும் பாடகர் குழாத்திற்கும் உரியதாகவே நின்றுவிட்டது. மக்கள் தாங்கள் அறியாத இலத்தீன் மொழிப் பாட்டைக் கேட்டு நின்றனர்.

சீர்திருத்தக் காலத்தில் இந்நிலை மாறியதற்கு விசுவாசத்தால் நீதிமானாகுதல் என்ற போதனை மட்டும் காரணமன்று, அச்சுப்பொறியும் காரணமாகும். 1524இல் வெளிவந்த முதல் லூத்தரன் பாட்டுப் புத்தகத்தில் எட்டுப் பாடல்களே இருந்தன. அவற்றுள் நான்கு லூத்தர் இயற்றியவை. அச்சிட்ட தாளும் தாய்மொழியும் சேர்ந்தபோது கேட்டு நின்ற மக்கள் பாடும் மக்களாயினர். ஜெனீவாவில் கால்வின் கருவிகளை விலக்கினாரேனும் மக்களின் குரலை விலக்கவில்லை. 150 சங்கீதங்களும் அடங்கிய ஜெனீவா சங்கீதநூல் 1562இல் நிறைவெய்தியது. சூரிக் நகரில் ஸ்விங்கிலியோ ஆராதனையில் இசையையே நிறுத்திவிட்டார். அந்நகரச் சபையில் பாட்டு மீண்டும் ஒலிக்கப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதி வரை காத்திருக்க நேர்ந்தது.

இவ்விடத்தில் ஒரு தவறான கருத்தைக் களைய வேண்டும். லூத்தர் மதுக்கடைப் பாட்டுகளின் மெட்டுகளைத் தாராளமாக எடுத்தாண்டார் என்று நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. புதிய மெட்டு எதனையும் ஆலயத்திற்குள் கொண்டுவர அதுவே சான்றாகக் காட்டப்படுகிறது. இதற்கு ஆதாரமில்லை. அவர் எழுதிய கிறிஸ்து பிறப்புப் பாடலொன்று முதலில் உலகியல் மெட்டொன்றில் பாடப்பட்டது உண்மையே. ஆனால் 1539இல் அதற்குப் புது மெட்டு அமைக்கப்பட்டது. அவர் மெட்டின் பிறப்பிடத்தை மட்டும் நோக்கவில்லை. சபையார் சேர்ந்து பாடத்தக்கதா என்பதையும் நோக்கினார்.

2. அடி எடுத்துக் கொடுத்தல்

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தோரும் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கி, ஜெர்மன் மெட்டிலேயே பாடுவித்தனர். பெப்ரீசியுஸ் ஐயர் இப்பணியில் ஈடிணையற்ற உழைப்பைத் தந்தார். அப்பாடல்களின் இறையியல் செறிவு இன்றும் நம்மை வளப்படுத்துகிறது. ஆயினும் ஓர் இடர் இருந்தது. ஜெர்மன் மொழிப்பாட்டு அசையழுத்தத்தின்மேல் நிற்பது. தமிழ்ச் சொல்லோ குறில் நெடில் வேறுபாட்டின்மேல் நிற்பது. நீண்டு ஒலிக்கும் இசைக்குறிப்பின்கீழ் குறிலெழுத்து அமைந்துவிட்டால் 'விடு' என்பது 'வீடு' என்றும், 'படு' என்பது 'பாடு' என்றும் செவியில் விழும். எழுத்தறிந்தவர் புத்தகத்தைப் பார்த்துப் பொருள் கொள்வர். எழுத்தறியாத பெரும்பான்மையோர் என் செய்வர்?

வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய கீர்த்தனைகள் இவ்விடருக்கு விடையாயின. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, கூடியிருப்போர் அதனை வாங்கிப் பாடலாம். அதற்குப் புத்தகம் தேவையில்லை. தாளம் கையில் இருக்கிறது. பாட்டு நினைவில் இருக்கிறது. எழுத்தறியாத முதியவளும் ஆலயத்தில் கற்ற பாட்டை நாற்று நடுகையில் பாடமுடிந்தது. பனையோலைக் கூரையின்கீழ் கூடிய சிற்றூர்ச் சபைகளில் உபதேசியார்தாமே பாடகரும் ஆசிரியருமாய் விளங்கியதற்கு இம்முறையே துணை நின்றது.

சாஸ்திரியாரைப் போற்றுகிற நாம் வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. 1820களில் தஞ்சையில் புதிதாக வந்த மிஷனெரிமார் சிலர் தமிழிசை வழிபாட்டை ஒடுக்க முற்பட்டபோது அவர் வன்மையாக எதிர்த்தார். அதே காலத்தில், திருவிருந்திலும் ஆலய இருக்கைகளிலும் சாதி வேற்றுமையை நீக்க அவர்கள் முற்பட்டதையும் அவர் எதிர்த்தார். 1829இல் அதுபற்றி எழுதியும் வைத்தார். பாட்டைப் பற்றிய வழக்கில் நியாயம் அவர் பக்கம் இருந்தது. பந்தியைப் பற்றிய வழக்கில் இல்லை. ஒரே மனிதரின் உள்ளத்தில் இவ்விரண்டும் ஒருங்கே இருந்தன என்பது நம்மை எச்சரிக்க வேண்டும். நம் மண்ணின் இசை என்று சொல்லும்போது, அம்மண்ணில் எவருடைய இசை என்று கேளாமல் அப்பாற்போதல் ஆகாது.

1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர், சாஸ்திரியார் உயிரோடிருக்கும்போதே கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். வாய்மொழியாகவும் கதாகாலட்சேபத்தின் வழியாகவும் வழங்கிய பாட்டு இதனால் எல்லாச் சபைகளுக்கும் பொதுச் செல்வமாயிற்று. ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இராகமும் தாளமும் குறிக்கப்படும் வழக்கம் நம் கீர்த்தனைப் புத்தகங்களில் நிலைத்தது. அச்சுச் சாதனம் மக்களின் வாயை அடைக்காமல் திறந்துவிட்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

3. பெட்டிக்குள் புகுந்த பாட்டு

இருபதாம் நூற்றாண்டில் வந்த சாதனங்கள் வேறு இயல்புடையவை. 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் இசைப்பதிவு தொடங்கியது. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கும். இராக ஆலாபனை அந்த மூன்று நிமிடத்திற்குள் சுருங்கியது. பாட்டு என்றால் இவ்வளவு நீளம், இன்னாருடைய குரல், மாறாத ஒரே வடிவம் என்ற எண்ணம் கேட்போர் மனத்தில் ஊன்றியது. பாட்டு என்பது செய்யும் காரியமாயிருந்த நிலை மாறி, வாங்கும் பொருளாயிற்று.

வானொலி இன்னும் ஒருபடி முன் சென்றது. ஆர்மோனியத்தின் கதை இதற்குத் தக்க சான்று. ஐரோப்பாவில் பிறந்து மிஷனெரிமார் வாயிலாகவும் இந்நாட்டில் பரவிய அக்கருவி, கல்கத்தாவில் கையால் துருத்தியை இயக்கும் வடிவம் பெற்றபின் நாடக மேடையிலும் பஜனைக் கூட்டத்திலும் நம் ஆலயங்களிலும் இடம்பெற்றது. அதன் கட்டைகள் நிலையான சுரங்களை மட்டுமே ஒலிப்பதால் கமகங்களை அது தாராது என்பது குறை. அக்காரணத்தால் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. இசையிலக்கணப்படி குறை உண்மையே. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எந்தக் கருவி தகுதியுடையது என்பதை ஓர் அலுவலகம் நாடு முழுமைக்கும் தீர்மானித்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

மக்கள் அதற்கு அளித்த விடையையும் கவனிக்க வேண்டும். 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராயிருந்த கேஸ்கர் திரையிசைப் பாடல்களை வானொலியிலிருந்து ஒதுக்கியபோது, நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். கடல் கடந்து வந்த அவ்வொலிபரப்பு தமிழகத்து வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒலித்தது. 1957இல் விவித்பாரதி தொடங்கப்பட்டது அவ்வனுபவத்தின் விளைவேயாகும். சுவையை மேலிருந்து சட்டத்தால் திணிக்க இயலாது என்பது இதில் கிடைக்கும் பாடம். சபைக் கமிட்டியின் தீர்மானத்தால் இளைஞரின் பாட்டை மாற்றிவிடலாம் என்று நம்புவோர் இவ்வரலாற்றை நினைவுகூர்தல் நலம்.

எனினும் ஆகாசவாணியைக் கேட்டவரும் இலங்கை வானொலியைக் கேட்டவரும் ஒன்றில் ஒத்திருந்தனர். இருவரும் கேட்டனர், பாடியவர் வேறெங்கோ இருந்தார். சீஷெல்ஸ் தீவுகளிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தமிழில் ஒலித்த கிறிஸ்தவ வானொலி நிகழ்ச்சிகள் நோயாளிக்கும் தனித்திருப்போருக்கும் ஆறுதலாயின. இதனை நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் ஆலயத்திற்கு வெளியே நாம் பழகிக்கொண்ட கேட்கும் பழக்கம் நாளடைவில் ஆலயத்திற்குள்ளும் நுழைந்தது.

4. ஒலிநாடாவும் பறையும்

1980களில் ஒலிநாடா பரவியபோது நிலைமை ஓரளவு மாறியது. பெரிய நிறுவனத்தின் தயவின்றிச் சிறு குழுவினரும் தம் பாட்டைப் பதிவு செய்து பரப்ப முடிந்தது. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியாபிலஸ் அப்பாவு (1940–2005) இவ்வாய்ப்பைச் சிறப்பாகப் பயன்படுத்தினார். பரட்டை அண்ணன் என்று அழைக்கப்பட்ட அவர், நாட்டுப்புற இசையில் வழிபாட்டு முறை அமைத்தார். கருநாடக இசைக்கும் மேலை இசைக்கும் பழகாத ஒடுக்கப்பட்ட மக்கள் தம் சொந்தப் பேச்சிலும் தாளத்திலும் இறைவனைப் பாடவேண்டும் என்பது அவர் நோக்கம்.

அப்பாவுவின் வாதத்தில் நாம் முக்கியமாகக் கொள்வது இதுவே: நாட்டுப்புறப் பாட்டு எவரும் எடுத்துத் தம் தேவைக்கேற்ப மாற்றிப் பாடத்தக்கது. அது ஒருவருக்குச் சொந்தமான முடிந்த பொருளன்று. ஒலிநாடாவில் பதிவான பாட்டும் அவருக்கு முடிவான வடிவமாயிருக்கவில்லை. கேட்பவர் பாடத் தொடங்குவதற்கான முதல் அடியாயிருந்தது. உபதேசியார் அடி எடுத்துக் கொடுத்த பணியை அவர் நாடாவிடம் ஒப்படைத்தார் எனலாம். சாதனம் ஒன்றே, பயன்படுத்தும் நோக்கம் வேறாகும்போது விளைவும் வேறாகிறது.

பறையை ஆலயத்திற்குள் கொணர்வது பற்றிய வாதமும் இங்கே எழுகிறது. பிணத்தின் முன் அடிக்கும்படி வற்புறுத்தப்பட்ட கருவி அது. ஆகையால் அதனைக் கைவிடுவதே விடுதலை என்று எண்ணிய தலித் கிறிஸ்தவரும் உண்டு. அதனைத் தம் மாட்சிமையின் முழக்கமாக மீட்டெடுத்தவரும் உண்டு. இவ்விரு நிலைகளில் எது சரி என்று வெளியிலிருந்து தீர்ப்புக் கூற நமக்கு உரிமையில்லை. அதனை அடித்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமே தீர்மானிக்க வேண்டும். நிகழ்ச்சியின் அழகுக்காக ஆண்டுக்கொரு முறை பறையை மேடையேற்றிவிட்டு, சபை நிர்வாகத்தில் அம்மக்களுக்கு இடந்தராதிருப்பது மாயமே. அத்தகைய ஆராதனைகளின் இரைச்சலைத் தம்மைவிட்டு அகற்றும்படி கர்த்தர் ஆமோஸ் வாயிலாகக் கட்டளையிட்டதை நாம் அறிவோம்.

அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் 1945இலும் 1946இலும் நடந்த புகையிலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தையும் இங்கே நினைவுகூரலாம். அங்கே கறுப்பினப் பெண்கள் தங்கள் ஆலயப் பாட்டு மரபிலிருந்து ஒரு பாட்டை எடுத்துப் பாடினர். 'நான்' என்றிருந்த அப்பாட்டு 'நாம்' என்றாகி, பின்னர்க் குடியுரிமை இயக்கத்தின் பாட்டாகி, உலகின் பல மொழிகளுக்கும் சென்றது. வானொலியும் இசைத்தட்டும் பிற்பாடு அதனைப் பரப்பின. ஆனால் அதனை உருவாக்கியது மறியலில் நின்றவர்களின் வாயே.

5. இன்றைய ஆராதனை மேடை

இன்று நம் ஆலயங்களில் மின்னிசைப்பலகை, ஒலிபெருக்கி, திரை, நேரலை ஆகியவை வந்துவிட்டன. இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

மின்னிசைப்பலகையில் முன்பதிவு செய்யப்பட்ட தாளங்கள் பெரும்பாலும் நான்கு அல்லது மூன்று எண்ணிக்கையில் அமைந்தவை. மிசிரசாபு தாளமோ ஏழு எண்ணிக்கையுடையது. விசையை அழுத்தியவுடன் ஒலிக்கும் தாளத்திற்குப் பாட்டைப் பொருத்தும்போது, ஏழு எட்டாக நீட்டப்படுகிறது அல்லது ஆறாகக் குறுக்கப்படுகிறது. முன்னர் ஜெர்மன் மெட்டில் தமிழ்ச்சொல் சிதைந்தது போன்றே இப்போதும் சிதைகிறது. அன்று மொழிபெயர்த்தவருக்கு வேறு வழி இல்லை. இன்று நமக்கு வழி இருந்தும் பொறியின் வசதிக்கு இணங்குகிறோம்.

ஒலிபெருக்கியின் விளைவு இதனினும் பெரிது. சேர்ந்து பாடுவோர் அருகிலிருப்பவரின் குரலைக் கேட்டே தம் குரலைச் சேர்க்கின்றனர். மேடையின் ஓசை அக்குரலை மூடிவிட்டால், தாம் பாடுவது தமக்கே கேட்பதில்லை. அப்பொழுது மனிதர் இயல்பாகவே வாயை மூடிக்கொள்கின்றனர். பதிவில் பாடகர் எடுத்த உச்ச சுருதியையே ஆலயத்திலும் எடுக்கும்போது, ஆண்களில் பலரும் முதியோர் யாவரும் பல்லவியிலேயே பின்வாங்குகின்றனர். முன்னாளில் உபதேசியார் சபையின் குரலறிந்து சுருதி எடுத்தார். இன்று பதிவின் சுருதிக்குச் சபை பணிகிறது.

திரையினால் நன்மை உண்டு. தலை நிமிர்ந்து பாடலாம், புத்தகம் வாங்க இயலாதவரும் பாடலாம். ஆனால் திரையில் சொற்கள் மட்டுமே தோன்றுகின்றன. இராகமும் தாளமும் மறைந்துவிட்டன. பாட்டைத் தெரிந்துகொள்ளும் ஒரே வழி, காணொளியில் கேட்டபடி திருப்பிச் செய்வதாகிறது. எந்தப் பாட்டு நம் கைபேசிக்கு வரவேண்டும் என்பதைக் கேட்போரின் எண்ணிக்கையைக் கொண்டு பொறியே முன்னிறுத்துகிறது. முன்பு ஓர் அமைச்சர் செய்ததை இப்போது கணக்கு செய்கிறது. ஆனால் அமைச்சரை எதிர்த்து இலங்கை வானொலிக்குத் திருப்ப ஒரு திருகு இருந்தது. தாம் தேர்ந்தெடுப்பதாகவே எண்ணுகிறவர் எதனைத் திருப்புவார்?

2020இல் பெருந்தொற்றினால் ஆலயங்கள் மூடப்பட்டபோது, நேரலை ஆராதனை பலருக்கு உயிர்த்துணையாயிருந்தது. அதனைக் குறைகூறுவது நன்றி மறத்தலாகும். ஆலயங்கள் திறந்தபின்னும் சபையார் பார்வையாளராகவே வந்தமர்ந்தால், அவசரகால ஏற்பாடு நிலையான ஏற்பாடாகிவிட்டது என்று பொருள்.

6. எதிர்வாதம்

இளைஞர் ஆலயத்திற்கு வருவதே இவ்விசையினாலன்றோ என்று கேட்பர். இது தள்ளத்தக்க கேள்வியன்று. புதிய பாடல்கள் பல எளிய தமிழில் அமைந்து, துயருற்ற உள்ளங்களைத் தொட்டிருக்கின்றன. பழைய பாட்டு என்பதாலேயே நல்லதென்றும், புதியது என்பதாலேயே தீயதென்றும் நாம் கூறமாட்டோம். சாஸ்திரியாரும் ஒரு காலத்தில் புதியவரே. ஆனால் வருகிற இளைஞருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? நால்வருக்கு மேடையையும் நானூறு பேருக்கு இருட்டையும் கொடுத்தால், எல்லா விசுவாசிகளும் ஆசாரியரே என்ற சீர்திருத்தப் போதனை பிரசங்கத்தில் மட்டும் நிற்கும். பாட்டில் லவோதிக்கேயாவின் விதியே ஆளும். பிரசங்கத்தை மறந்துவிடும் சபையார் பாட்டை மறப்பதில்லை என்பதால், அவர்கள் உள்ளத்தில் தங்குவதும் அவ்விதியாகவே இருக்கும்.

7. போதகர் செய்யத்தக்கவை

முதலாவது, ஒவ்வோர் ஆராதனையிலும் ஒரு பாட்டாவது கருவியும் ஒலிபெருக்கியுமின்றிப் பாடப்படட்டும். தொடக்கத்தில் குரல் மெலிந்திருக்கும். சில வாரங்களில் சபை தன் குரலைத் தானே கேட்கத் தொடங்கும். இரண்டாவது, பாட்டின் சுருதியைச் சபையின் பின்வரிசையில் நிற்போரைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். மூன்றாவது, திரையிலும் இராக தாளங்கள் குறிக்கப்படட்டும். அவற்றை அறிந்த முதியோர் இளைஞருக்குக் கற்பிக்கட்டும். நான்காவது, கிராமச் சபைகளில் தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் அறிந்த பெண்களைப் போதகர் தேடிச்செல்ல வேண்டும். அவர்களைப் பாடக் கேட்பதோடு நில்லாமல், சபைக்கு அடி எடுத்துக் கொடுக்கும் இடத்தில் அவர்களை நிறுத்த வேண்டும்.

இறையியல் மாணவருக்கும் ஒரு சொல். நீங்கள் கிரேக்கமும் எபிரெயமும் கற்கிறீர்கள். அவற்றோடு சில கீர்த்தனைகளையேனும் புத்தகமின்றி, தாளம் தவறாமல், பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும் அளவிற்குக் கற்றுக்கொள்ளுங்கள். இறுதிச் சடங்கு வீட்டின் முற்றத்திலும் மருத்துவமனைக் கட்டிலருகிலும் மின்னிசைப்பலகை உங்களோடு வாராது.

நம் ஊர்களில் ஆராதனையின் நடுவே மின்சாரம் நின்றுபோவது புதிதன்று. அத்தருணத்தில் சபை அடுத்த அடியைத் தானே தொடர்ந்து பாடுகிறதா, மின்சாரம் வரட்டும் என்று மேடையைப் பார்த்துக் காத்திருக்கிறதா என்பதைப் போதகர் கவனிக்கட்டும். தொடர்ந்து பாடுகிற சபையில் எந்தச் சாதனமும் ஊழியக்காரனாகவே இருக்கும்; அச்சங்கொள்ள வேண்டியதில்லை. காத்திருக்கிற சபைக்கோ இன்னும் ஒரு கருவி வாங்குவதற்கு முன்பாக, தன் வாயைத் திறக்கக் கற்பிக்கும் ஒருவர் தேவை. அந்த ஊழியம் நமக்கே ஒப்புவிக்கப்பட்டிருக்கிறது.